கூப்பன்னா இதுதான் பாஸ் கூப்பன்!

ஆப்ல வர்ற தள்ளுபடி மலை ஏறாது... ஜவ்வாது மலையில் மாசச் செலவைக் குறைக்கிற அந்த ஒரு கார்டைப் பற்றி ஒரு கணக்கு!

‘முதல் ஆர்டருக்குப் பாதி விலை!’, ‘இன்னும் 20 நிமிஷம்தான்... இந்தக் கோடைப் போடுங்க, 125 ரூபாயைக் கழிச்சுக்கோங்க!’ - காலையில கண்ணைத் திறந்து மொபைலை எடுத்தா, அம்மாவோட ‘எழுந்திருடா’வுக்கு முன்னாடி வந்து நிக்கிறது கூப்பன்தான். ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஒரு பிரியாணி வாங்க எட்டு கோடு போட்டுப் பார்க்கிற கணக்குப் புலிகள் நம்ம பசங்க. அதே புலிகிட்ட, ‘உங்க வீட்டு ரேஷன் கார்டுல என்ன கோடு போட்டிருக்கு?’னு கேட்டுப் பாருங்க. புலி அப்படியே பூனையாயிடும்!

அதனால, இந்த வாரம் கூப்பன் பாடத்துக்கு நாம ஏறப்போற இடம் ஜவ்வாது மலை. ‘அங்க ஏது மால், அங்க ஏது ஆஃபர்?’னு கேக்கறீங்களா? அதான் மேட்டரே!

மலை மேல என்ன கடை?

கிழக்குத் தொடர்ச்சி மலையில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துலயும் கால் நீட்டிப் படுத்திருக்கிற மலை ஜவ்வாது. போளூர் பக்கம் இருந்து ஏறினா ஜமுனாமரத்தூர். ஆலங்காயம் பக்கம் இருந்து ஏறினா காவலூர். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கதான் இருக்கு. திருப்பத்தூர் பக்கம் போனா புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு நாடு. இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேரைப் பார்த்து கேரளா பக்கம் போயிடாதீங்க. இவங்க நம்ம தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள்.

சாமை, கேழ்வரகு, தேன், புளி, பலா - மலை கொடுக்கிற பொருள் நிறைய. ஆனா எண்ணெய், சர்க்கரை, பருப்பு, சோப்பு எல்லாமே கீழே இருந்துதான் கொண்டைஊசி வளைவுல ஏறி வரணும். ஏறி வர்ற வண்டிக்கான வாடகையும் பொருள் விலையோடயே சேர்ந்து ஏறிக்கும். ‘பத்தே நிமிஷத்துல டெலிவரி’னு விளம்பரம் பண்ற எந்தக் கம்பெனிக்கும் இந்த மலை ‘சேவை இல்லாத பகுதி’தான். சரி, கோடு வேலை செய்யுதேன்னு மலை இறங்கி சூப்பர் மார்க்கெட்டுக்கே போனாலும், போக வர பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து அந்தத் தள்ளுபடியை முழுங்கிடும்.

அப்போ இந்த மலையில் ஒரு குடும்பம் மளிகைச் செலவை எதை வெச்சுக் குறைக்குது? சட்டைப் பைக்குள்ள அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் அட்டையை வெச்சு. ரேஷன் கார்டு!

அட, இதுவும் கூப்பனா?

சந்தேகமா இருந்தா யாழ்ப்பாணத்துப் பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. ‘கூப்பன் அரிசி’, ‘கூப்பன் கடை’ன்னுதான் அவங்க சொல்லுவாங்க. பேர்லயே கூப்பன் இருக்கு! இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1942-ல் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. மறு வருஷம், 1943-ல், சென்னையிலும் ரேஷன் வந்தது. பர்மா அரிசி வரத்து நின்னு போச்சு. இருக்கிறதை எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கணும். அதுக்குத்தான் அட்டை. நம்ம பக்கம் 1952-ல் ராஜாஜி முதல்வரா வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். அப்புறம் 1967-ல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ஒரு காலத்துல போர்க்கால ஏற்பாடா இருந்த அட்டை, இன்னிக்கு 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேலான குடும்பங்களோட சமையலறைக்கு வந்து சேர்ந்திருக்கு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1939 மே மாசம் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரத்துல ‘உணவு ஸ்டாம்ப்’ விற்க ஆரம்பிச்சாங்க. ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் வாங்கினா, அரை டாலருக்கு நீல ஸ்டாம்ப் இலவசம். நீல ஸ்டாம்புக்கு, விற்காமல் தேங்கிக் கிடந்த விளைபொருளை மட்டும்தான் வாங்க முடியும். ஏழை வீட்டுக்குச் சாப்பாடு, விவசாயிக்கு விற்பனை. ஒரே கூப்பன், ரெண்டு மாங்கா!

இதுக்கும் கடைக்காரர் கொடுக்கிற கூப்பனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 1880-களின் கடைசியில் கோக கோலா கம்பெனி ‘ஒரு கிளாஸ் இலவசம்’னு கூப்பன் கொடுத்துத்தான் அமெரிக்கா முழுக்க ருசி காட்டுச்சு. ஒரு கிளாஸ் இலவசமா குடிச்சவன் அடுத்த கிளாஸுக்குக் காசு கொடுப்பான் என்கிற கணக்கு. நம்மளைக் கடைக்கு இழுக்கிறதுக்காகவே பிறந்த கூப்பன் அது. ரேஷன் கார்டு பிறந்ததோ, வீட்டுல அடுப்பு அணையாம இருக்க.

கணக்கு போடுவோமா?

ஒரு பேப்பர் எடுங்க. ஜவ்வாது மலையில் ஒரு கிராமம். அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற நீங்க, ஸ்கூல் படிக்கிற தங்கச்சி. நாலு பேர். கார்டு, முன்னுரிமைக் குடும்ப அட்டை. மாசம் என்ன கிடைக்கும்?

அரிசி 20 கிலோ - இலவசம். (2006 ஜூன்ல கிலோ 2 ரூபாயாச்சு, 2008 செப்டம்பர்ல 1 ரூபாயாச்சு, 2011 ஜூன்ல விலையே இல்லாமப் போச்சு.) துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய்னா 50 ரூபாய். மொத்தம் 105 ரூபாய்.

இதையே வெளியே வாங்கினா? கடைக்குக் கடை விலை மாறும். ஒரு கணக்குக்காக அரிசி கிலோ 45, பருப்பு 130, எண்ணெய் 120, சர்க்கரை 45 ரூபாய்னு வெச்சுக்குவோம். 900, 130, 120, 90... கூட்டினா 1,240 ரூபாய். கழிச்சுப் பாருங்க. மாசம் 1,135 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 13,620 ரூபாய்! கிட்டத்தட்ட 90 சதவிகிதத் தள்ளுபடி. எந்த ஆப்ல பாஸ் இந்த ஆஃபர் வருது? அதுவும் மாசாமாசம், வருஷம் முழுக்க, ‘நிபந்தனைக்குட்பட்டது’ நட்சத்திரக் குறி போடாம!

ரூபாய் கூப்பனா, கிலோ கூப்பனா?

இங்கதான் பொருளாதாரம் படிக்கிற மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரணும். ‘எதுக்கு இந்த மூட்டை, லாரி, கடை எல்லாம்? பேசாம ரூபாயா கொடுத்துட்டா ஜனங்க வேண்டியதை வாங்கிக்குவாங்களே?’ - செமினார்ல கண்டிப்பா ஒருத்தர் எழுந்து கேக்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனா, இதைச் செஞ்சு பார்த்தவங்க இருக்காங்க.

இலங்கையில் கூப்பன் அரிசி எவ்வளவு பெரிய விஷயமா இருந்துச்சுன்னா, 1953-ல் ஒரு கொத்து அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமா ஏத்தினதும் நாடே ஸ்தம்பிச்சுது. ஆகஸ்ட் 12 அன்னைக்கு ஹர்த்தால். பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபர்ல பதவியை விட்டே போனார். 1979 செப்டம்பர்ல அங்க அரிசிப் பங்கீட்டை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா உணவு முத்திரை கொடுத்தாங்க. அதுல எழுதியிருந்தது கிலோ இல்ல, ரூபாய். விலைவாசி கிடுகிடுன்னு ஏறுச்சு. முத்திரையில் அச்சடிச்ச எண் மட்டும் அப்படியே நின்னுச்சு. சில வருஷத்துலேயே அந்த முத்திரைக்கு வாங்கக் கூடிய சாப்பாடு கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சுபோச்சு. யாரும் திட்டத்தை ரத்து பண்ணலை. அது தானாவே கரைஞ்சுது!

பக்கத்துல இருக்கிற புதுச்சேரியைப் பாருங்க. 2015 செப்டம்பர்ல அரிசிக்குப் பதிலா பணத்தை வங்கிக் கணக்குல போடற முறை அங்க வந்துச்சு. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. ‘கடையைத் திற, அரிசியைக் கொடு’ங்கிற கோரிக்கை ஓயவே இல்லை. கடைசியா 2024 அக்டோபர்ல, தீபாவளியை ஒட்டி, கடைகள் மறுபடி திறந்துச்சு.

ரூபாய் கூப்பன் விலைவாசியோட மல்லுக்கட்டணும். கிலோ கூப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. வெளியே பருப்பு 100-க்கு வித்தாலும் 180-க்கு வித்தாலும் கார்டுக்கு அதே ஒரு கிலோ, அதே 30 ரூபாய். சொல்லப்போனா, வெளியே விலை ஏற ஏற இந்தக் கூப்பனோட மதிப்பும் கூடவே ஏறுது. கீழ இருந்து வர்ற ஒவ்வொரு பொருளும் வண்டி வாடகையோட ஏறி வர்ற ஒரு மலையில், இது சாதாரண விஷயம் இல்லை.

மலையில் இலவசத்துக்கும் விலை உண்டு

‘அப்போ எல்லாம் சூப்பர்தானே?’ன்னு பேப்பரை மடிச்சிடாதீங்க. கணக்குல இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு. கடைக்குப் போய் வர்ற செலவு!

டவுன்ல ரேஷன் கடை தெருமுனையில் இருக்கும். ‘பருப்பு நாளைக்குத்தான் வரும்’னு சொன்னா, நாளைக்கு ஒரு நடை. அவ்வளவுதான். மலையில் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கு. சில ஊர்க்காரங்களுக்கு, கடைன்னா பல கிலோமீட்டர். போகும்போது வெறுங்கை. வரும்போது தலையில் 20 கிலோ. அங்க போய் நின்னப்புறம் ‘பருப்பு வரலை’, ‘மிஷின் வேலை செய்யலை’, ‘சிக்னல் இல்லை’னு ஒரு வார்த்தை வந்தா, அந்த நாள் போச்சு!

போன அந்த நாளுக்கு விலை போட முடியுமா? முடியும். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 336 ரூபாய். ஒரே மாசத்துல ரெண்டு நாள் ரேஷனுக்காக வீணாப்போச்சுன்னா 672 ரூபாய் காலி. நாம போட்ட 1,135 ரூபாய் மிச்சத்துல பாதிக்கு மேல அவுட்! மூணு நாள்னா 1,008 ரூபாய். மிச்சம் 127. 90 சதவிகிதத் தள்ளுபடி எங்கே போச்சு பாருங்க. கார்டு அதேதான், அரிசி அதேதான். தெரிஞ்சு போறதுக்கும் தெரியாமப் போறதுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம்தான் அந்தப் பணம்.

இன்னொரு சிக்கல், கைரேகை. 2020-லிருந்து விரல் வெச்சாத்தான் பொருள். காட்டுவேலை, கல்லுவேலை செஞ்சு ரேகையே தேய்ஞ்சுபோன ஆயாவோட விரலை மிஷினுக்கு அடையாளம் தெரியாது. மிஷினுக்குத் தெரியலைன்னா என்ன, ஊருக்கே தெரியுமே ஆயாவை! ஆனா பில் போடறது மிஷினாச்சே.

இதுக்கெல்லாம் அரசாங்கம் ஒண்ணும் செய்யலையான்னா, செஞ்சிருக்கு. பழங்குடி மக்கள் இருக்கிற மலைகள்ல ‘லேம்ப்ஸ்’னு கூப்பிடுகிற பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ரேஷன் கடைகளை நடத்துது. 1971-ல் பாவா குழு சொன்ன யோசனையில் வந்தது இந்த ஏற்பாடு. மலைப் பொருளை வாங்கறது, கடன் கொடுக்கறது, மளிகை விற்கறது எல்லாம் ஒரே கூரையில் இருக்கணும். நடுவுல தரகர் பூந்துடக்கூடாது என்பது நோக்கம். 2020 செப்டம்பர்ல நகரும் ரேஷன் கடைகளைத் தொடங்கினாங்க. 2025 ஆகஸ்ட் 12-ல் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கி, முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே பொருள் போச்சு. இப்படி எந்தத் திட்டம் வந்தாலும், ‘எங்க ஆயா பேர் அந்த லிஸ்ட்ல இருக்கா?’ன்னு கேக்க வீட்டுல ஒரு ஆள் வேணும். யார் அந்த ஆள்? பொறுங்க, வர்றோம்.

சாமை கணக்கு

கிலோ கூப்பன்ல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அவங்க கொடுக்கிற பொருளைத்தான் வாங்க முடியும். ஜவ்வாது மலையோட சாப்பாடு காலங்காலமா சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும். சாமையை உமி நீக்கி, குத்திப் புடைச்சு, சோறாக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை. பெரும்பாலும் அது பொம்பளைங்க தலையில்தான் விடியும். அப்படியே உலையில் போடற அரிசி இலவசமா வரும்போது, யார் உலக்கையைத் தூக்குவாங்க? அரிசி வந்துச்சு, பசி குறைஞ்சுச்சு. கூடவே தட்டுல இருந்து சாமையும் நகர ஆரம்பிச்சுது. அரிசியால கிடைச்ச நிம்மதியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனா தீட்டின வெள்ளை அரிசியை விட சாமையில் நார்ச்சத்து அதிகம். அதை விட்டுட்டு வெள்ளைச் சோறே மூணு வேளையும்னா, மளிகையில் மிச்சம் பிடிச்சதை மருந்துக் கடையில் கொடுக்க வேண்டி வரலாம்.

இதுக்கு வழி உண்டா? உலகச் சிறுதானிய ஆண்டான 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகள்ல, அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு தர்ற திட்டம் வந்துச்சு. அந்த வட்டாரத்து விவசாயிகிட்டயே கொள்முதல் பண்ணி, அங்கேயே கார்டுக்குக் கொடுக்கறது. ரோசெஸ்டர்ல நீல ஸ்டாம்ப் பண்ணின அதே வேலை! திருவண்ணாமலை மாவட்டத்துல அத்தியந்தல்ல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட சிறுதானிய மகத்துவ மையம் இருக்கு. 2019-ல் ‘ஏ.டி.எல். 1’னு ஒரு சாமை ரகமே வெளியிட்டிருக்காங்க. மையம் இருக்கு, ரகம் இருக்கு, விளைவிக்கிற மக்கள் மலை மேல இருக்காங்க. ஜவ்வாது மலைச் சாமை ஜவ்வாது மலை ரேஷன் கடையிலயே கிடைச்சா எப்படி இருக்கும்? அக்ரி, பொருளாதாரம், சமூகப்பணி படிக்கிற மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்களா? இந்தாங்க, ஃப்ரீ!

அந்த ஆள் நீங்கதான்!

வீட்டுல மொபைலை நல்லா நோண்டத் தெரிஞ்ச ஆள் யாரு? காலேஜ் படிக்கிற நீங்கதானே! பிரியாணிக்கு எட்டு கோடு தேடுகிற விரலுக்கு இதெல்லாம் ஜுஜுபி. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்த ஏழையும் முடிச்சிட்டு வாங்க.

1. கார்டுல என்ன கோடு? ஸ்மார்ட் கார்டுல உங்க குடும்பம் எந்த வகைன்னு அச்சடிச்சிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோட ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தா அந்தியோதயா. ஆள் எத்தனையா இருந்தாலும் 35 கிலோ அரிசி. சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசு. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத அட்டை. அதுக்கும் அரிசி உண்டு. கடைசியில் எஸ் இருந்தா சர்க்கரை அட்டை, என்.சி. இருந்தா எந்தப் பொருளும் கிடையாது. வகை தெரியாம உரிமை பேச முடியாது.

2. எல்லார் பேரும் இருக்கா? முன்னுரிமை அட்டையில் நாலு பேர்னா 20 கிலோ, ஆறு பேர்னா 30 கிலோ. அண்ணன் குழந்தை பிறந்து ரெண்டு வருஷமாச்சு, இன்னும் பேர் சேர்க்கலைன்னா அந்தக் குழந்தையோட அரிசி மாசாமாசம் விட்டுப்போகுதுன்னு அர்த்தம். பிறப்புச் சான்றிதழ் இருந்தா ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம்.

3. போன் நம்பர் உயிரோட இருக்கா? கார்டோட இணைச்ச நம்பருக்குத்தான் ஒவ்வொரு பில்லுக்கும் எஸ்.எம்.எஸ். வரும். எப்பவோ தூக்கிப் போட்ட சிம் நம்பர் அதுல இருந்தா, உங்க பேர்ல என்ன பில் போட்டாங்கன்னே தெரியாது. இணையதளத்துல நுழையணும்னாலும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். முதல் வேலையா இதை மாத்துங்க.

4. போறதுக்கு முன்னாடி பார். கடை திறந்திருக்கா, என்ன இருப்பு இருக்குன்னு பொது விநியோகத் திட்டத்தோட இணையதளத்துல பார்க்கலாம். அம்மா மலைப்பாதையில் இறங்கறதுக்கு முன்னாடி நீங்க ஹாஸ்டல்ல இருந்தே பார்த்து ஒரு போன் அடிச்சா, அது 336 ரூபாய் சம்பாதிச்சுக் கொடுத்த மாதிரி. முன்னாடி கணக்கு போட்டோமே, ஞாபகம் இருக்கா?

5. வாங்காததுக்கு பில் வந்தா சும்மா இருக்காதீங்க. எஸ்.எம்.எஸ்.ல பருப்பு இருக்கு, பையில் இல்லைன்னா 1967-க்கு அடிங்க. எழுத்துல கொடுக்கணும்னா வட்ட வழங்கல் அலுவலர் இருக்கார். மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவுல ரேஷன் குறைதீர் முகாம் நடத்தறது வழக்கம். இன்னொண்ணு... சோப்பு, டீத்தூள், மசாலா வாங்கினாத்தான் அரிசின்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதெல்லாம் இஷ்டம் இருந்தா வாங்கறது.

6. விரல் பதியாத ஆயாவுக்கு வழி உண்டு. கடைக்கு வர முடியாத முதியோர், தங்களுக்குப் பதிலா வேறொருத்தரை அனுப்ப அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். அதை நிரப்பித் தர்றது பத்து நிமிஷ வேலை. நிரப்பத் தெரியாம விட்டா, பல மாச ரேஷன் போயிடும்.

7. பிழைப்புக்கு வெளியூர் போறவங்களுக்குச் சொல்லுங்க. மலையில் வேலை இல்லாத மாசங்கள்ல திருப்பூர், கேரளா, கர்நாடகான்னு குடும்பத்தோட போறவங்க உண்டு. கார்டு வீட்டுப் பரண்ல தூங்கும். 2020 அக்டோபர்ல தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்துல சேர்ந்தாச்சு. முன்னுரிமை, அந்தியோதயா அட்டை இருந்தா, வேற மாநிலத்து ரேஷன் கடையிலும் விரல் வெச்சு தானியம் வாங்கலாம். நம்ம மாநிலம் தர்ற பருப்பும் பாமாயிலும் அங்க கிடைக்காது, அரிசி, கோதுமைதான். ஆனா வெளியூர்ல கூலிக்கு நிக்கிறப்போ அரிசி வாங்கற காசு மிச்சம்னா சும்மாவா?

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘எங்க வீட்டுல யாரும் இந்த அரிசியைச் சாப்பிடறதில்லை, கிலோ இவ்வளவுன்னு வித்துடறோம்’னு பெருமையா சொல்ற ஆளுங்க உண்டு. ரேஷன் அரிசிக் கடத்தல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி குற்றம். மூட்டை மூட்டையா எல்லை தாண்டுகிற அரிசி, இப்படி வீடு வீடா சேர்த்த அஞ்சு கிலோ, பத்து கிலோதான். சாப்பிடாதவங்க வாங்காம விடலாம். அரிசி வேண்டாம்னு சொல்லி அட்டை வகையையே மாத்திக்கலாம்.

சரி, அந்த ஆப் கூப்பன்?

அதை வேண்டாம்னு சொல்ல நாங்க யாரு? ஆனா ரேஷன் கார்டு சொல்லித் தர்ற பாடத்தை அங்கேயும் போட்டுப் பாருங்க. ஒண்ணு, கிலோ கணக்கு. ‘100 ரூபாய் தள்ளுபடி’ன்னு பெரிய எழுத்துல இருக்கிறதை விட்டுட்டு, கிலோவுக்கு என்ன விலை வருதுன்னு பாருங்க. ரெண்டு, தேவை. வீட்டுக்கு வேண்டிய சாமான் 700 ரூபாய்க்குத்தான். ‘999-க்கு வாங்கினா 100 கழிவு’ன்னு சொன்னதும் இன்னும் 299-க்குக் கண்டதைப் போட்டு, 899 கொடுத்துட்டு வர்றோம். 100 ரூபாய் லாபம்னு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வேற. உண்மையில் கையை விட்டுப் போனது 199 ரூபாய்! மூணு, போக்குவரத்து. கூப்பனுக்காக பஸ் ஏறாதீங்க. பஸ் ஏறுகிற வேலை இருந்தா கூப்பனை எடுத்துட்டுப் போங்க.

பொங்கல் சமயத்துல ரேஷன் கடை ஊழியர் வீடு வீடா வந்து டோக்கன் கொடுப்பார். அதுல தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கும். அந்தச் சின்னத் துண்டுச் சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா சொருகி வைப்பாங்க, பார்த்திருக்கீங்களா? கூப்பன்னா என்ன மதிப்புன்னு அவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. அவங்களுக்குத் தெரியாதது அந்த இணையதளமும், 1967-ம், அட்டையில் இருக்கிற அந்த நாலெழுத்துக் கோடும்தான்.

அது உங்களுக்குத் தெரிஞ்சாச்சு. இன்னிக்கு நைட் வீட்டுக்குப் போன் பண்ணும்போது ‘சாப்ட்டியாம்மா?’வுக்கு அடுத்த கேள்வியா இதைக் கேளுங்க: ‘நம்ம கார்டுல எந்த போன் நம்பர் கொடுத்திருக்கோம்?’